அப்புறம் அவளுக்கு என்ன ஆச்சு?

பெண்கள் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் படிக்கமாட்டார்கள் என்று யார் சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வேலூர் புத்தகத் திருவிழாவில் ஒரு கடையில் காமிக்ஸ் அடுக்கைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடையில் நின்ற தம்பி பக்கத்தில் வந்து, "பையனுக்கா மேடம்? எத்தனாவது படிக்கறான்?" என்றான். எனக்குத்தான் என்றேன். "இல்ல மேடம், லேடீஸ் யாரும் இந்தப் பக்கமே வர்றதில்ல, அதான் கேட்டேன்" என்று மரியாதையாகத்தான் சொன்னான், அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகவில்லை. நாங்கள் எப்போதும் அந்தப் பக்கம் இருந்தோம், யாரும் எங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது குடியாத்தம். எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் லயன், முத்து, ராணி என்று மூன்று காமிக்ஸும் கைமாறிக்கொண்டே இருக்கும். வாங்குவது பையன்கள். பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள், கடை வாசலில் நாலு ஆம்பளைகள் பீடி குடித்துக்கொண்டு நிற்பார்கள், வளர்ந்த பெண்பிள்ளை அங்கே போய் நின்று புத்தகம் பொறுக்கினால் சாயங்காலத்துக்குள் சேதி வீட்டுக்கு வந்துவிடும். அதனால் அண்ணன் வாங்குவான், அவன் சிநேகிதர்கள் எல்லோரும் படிப்பார்கள், அட்டை கிழிந்த பிறகு எங்களிடம் வரும். நானும் எதிர்வீட்டு அக்காவும் மாடிப்படியில் உட்கார்ந்து, புத்தகத்தை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு படிப்போம். அவள் என்னைவிட வேகமாகப் படிப்பாள், நான் முடிக்கும்வரை பக்கத்தைத் திருப்பாமல் காத்திருப்பாள். விற்ற பிரதிக்குக் கணக்கில் ஒரு பையன் இருந்திருப்பான். அதே பிரதியைப் படித்த பெண்பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

எங்கள் வீட்டில் இன்னொரு வாசகியும் உண்டு, எழுத்துக்கூட்டவும் தெரியாத பெரியம்மா. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார். வெட்டிய இலையில் தூளை வைத்து உருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடித்து, கத்தையாகக் கட்டிப் போடும்வரை கை நிற்காது, காது மட்டும் சும்மா இருக்கும். "இன்னாடி படிக்கறே? வாய்விட்டுப் படி, நானும் கேக்கறேன்" என்பார். இரும்புக்கை மாயாவி மின்சாரத்தைத் தொட்டு மறைந்து போவதையும், இரும்புக் கை மட்டும் காற்றில் மிதந்து போய் ஆட்களை அடிப்பதையும் வாய்விட்டுப் படிப்பேன். கதையில் எப்போதாவது ஒரு பெண் வருவாள். அவளை வில்லன் பிடித்துக்கொண்டு போவான், இல்லை குண்டடி படுவாள், கதை அவளை விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடும். நான் முற்றும் என்று மூடியதும் பெரியம்மா கேட்பார்: "சரி, அந்தப் பொண்ணு அப்புறம் இன்னா ஆனா?"

புத்தகத்தில் அதற்குப் பதில் இருக்காது. எனக்குத் தெரிந்தவரை பெண் வாசகர்கள் எல்லோருமே சூப்பர் ஹீரோ கதைகளிடம் கேட்டது இந்த ஒரே கேள்விதான். பதில் சொன்ன கதைகளைத் தேடித் தேடிப் படித்திருக்கிறார்கள். சொல்லாத கதைகளை அண்ணன் தம்பிகளிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மாயாவி கதைகளில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு நேரான காரணம் ஒன்று உண்டு, அதைப் பெரியவள் ஆன பிறகுதான் தெரிந்துகொண்டேன். மாயாவி 1962ல் பிரிட்டனில் 'வேலியண்ட்' என்ற வார இதழில் தொடங்கிய தொடர். நாங்கள் படித்த மற்ற நாயகர்களான ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் வேறு) ரோபோ ஆர்ச்சியும் 'லயன்' என்ற இன்னொரு பிரிட்டிஷ் வார இதழிலிருந்து வந்தவர்கள், நம்ம லயன் காமிக்ஸ் வேறு. இவையெல்லாம் பையன்களுக்கென்றே நடத்தப்பட்ட இதழ்கள். அந்த ஊரில் காமிக்ஸை அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார்கள், பையன்களுக்குத் தனி, பெண்பிள்ளைகளுக்குத் தனி. பெண்பிள்ளைகளுக்கு 1958ல் 'பன்ட்டி', 1971ல் 'டாமி', 1974ல் 'ஜின்ட்டி' என்று வரிசையாக வந்தன. 'ஜின்ட்டி'யில் பள்ளிக்கூடக் கதை, விளையாட்டுக் கதையோடு அறிவியல் கதைகளும் வந்தன, எல்லாவற்றிலும் முன்னால் நின்றது ஒரு பெண். 'வேலியண்ட்' நடத்திய நிறுவனம்தான் பிறகு 'டாமி'யையும் 'ஜின்ட்டி'யையும் நடத்தியது. ஆனால் முத்து, லயன் காமிக்ஸ் வெளிவந்த சிவகாசி வழியாகக் குடியாத்தம் மாடிப்படிவரை வந்து சேர்ந்தது பையன்கள் பக்கம் மட்டும். 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழே மாயாவிதான், அதை நான் குறை சொல்லவே மாட்டேன், அந்தப் புத்தகங்கள் இல்லையென்றால் இன்று நான் காமிக்ஸ் பற்றி எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். ஆனாலும் ஒரு வீட்டின் பாதி அறைகளை மட்டும் காட்டிவிட்டு, பெண்கள் இந்த வீட்டுக்கு ஏன் வருவதில்லை என்று கேட்பது நியாயம் இல்லை.

இதிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டிய விதிவிலக்கு. 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகி ஒரு பெண், மாடஸ்டி. கத்தி முனையில் மாடஸ்டி. புதிதாக ஒரு பத்திரிகை தொடங்குகிறவர்கள் முதல் இதழில் ஒரு பெண்ணை நம்பி முதலீடு போட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. பீட்டர் ஓ'டொனல் எழுதி, ஜிம் ஹோல்டவே வரைந்து, 1963ல் லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் தொடங்கிய தொடர் அது. போரில் யாரும் இல்லாமல் தனியாக அலைந்த அகதிச் சிறுமி, தானே வளர்ந்து, தானே ஒரு குற்றக் கூட்டத்தை நடத்தி, பிறகு அதை விட்டு வெளியே வந்தவள். கூடவே இருக்கும் வில்லி கார்வின் அவளை இளவரசி என்று கூப்பிடுவான், அவள் சொன்னால் உயிரையும் கொடுப்பான், ஆனால் இரண்டு பேருக்கும் நடுவே காதல் கிடையாது. எதிர்வீட்டு அக்காவுக்கு இது பெரிய ஆச்சரியம். ஒரு ஆணும் பெண்ணும் கடைசிவரை சிநேகிதர்களாகவே இருக்கலாம் என்று முதலில் எங்களுக்குச் சொன்னது அந்தக் காமிக்ஸ். அதிலும் தேவையில்லாமல் ஆடையைக் குறைத்து வரைந்த கட்டங்கள் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் மாடஸ்டியின் கதையில் மாடஸ்டிக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்க வேண்டிய அவசியமே வராது. கதையே அவள்தான்.

ராணி காமிக்ஸில் வந்த முகமூடி வீரர் மாயாவியின் (ஆங்கிலத்தில் ஃபேன்டம், இரும்புக்கை மாயாவி வேறு) காதலி டயானாவும் பரவாயில்லை. ஐ.நா. சபையில் வேலை பார்ப்பவள், அடிக்கடி கடத்தப்பட்டாலும் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கமாட்டாள். 1936லிருந்து காத்திருந்து 1977ல்தான் கல்யாணம் ஆனது, அவ்வளவு நாள் எந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் சும்மா இருப்பார்கள் என்று பெரியம்மாவுக்கு ஒரே கவலை.

இனி அமெரிக்கக் கதைகளுக்கு வருகிறேன். அங்கேதான் சூப்பர் ஹீரோ என்ற சாதியே பிறந்தது, அங்கேதான் இந்த வியாதியும் முற்றியது. 1973ல் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்தின் உச்சியிலிருந்து வில்லன் தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் வலையை வீசிப் பிடிக்கிறான், பிடித்த வேகத்தில் அவள் கழுத்து முறிந்துபோகிறது. அந்தக் கதையை நான் மதிக்கிறேன், படித்தவர்கள் யாரும் மறக்கமுடியாது. ஆனால் அதற்குப் பிறகு வந்தவர்கள் அதைச் சுலபமான வழியாகப் பிடித்துக்கொண்டார்கள். கதாநாயகனுக்குக் கோபம் வர வேண்டுமா, அவன் காதலியைக் கொன்றுவிடு. 1994ல் கிரீன் லான்டர்ன் 54ஆம் இதழில் அது எந்த அளவுக்குப் போனது என்றால், கிரீன் லான்டர்னாக இருக்கும் கைல் ரெய்னர் வீட்டுக்கு வருகிறான், வில்லன் அவன் காதலி அலெக்ஸாண்ட்ராவைக் கொன்று ஃப்ரிட்ஜுக்குள் அடைத்து வைத்திருக்கிறான். அவள் ஒரு போட்டோகிராபர், கைலுக்குச் சக்தி தரும் மோதிரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று யோசனை சொன்னவளே அவள்தான். அவ்வளவையும் ஒரே கட்டத்தில் துடைத்துப் போட்டுவிட்டார்கள்.

கெயில் சிமோன் என்ற வாசகி இதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் 1999ல் ஒரு பட்டியல் போட்டார். கொல்லப்பட்ட, கற்பழிக்கப்பட்ட, ஊனமாக்கப்பட்ட, சக்தி பிடுங்கப்பட்ட பெண் கதாபாத்திரங்களின் நீண்ட பட்டியல், அந்த ஃப்ரிட்ஜின் பெயரையே தலைப்பாக வைத்தார். அப்போது அவர் எழுத்தாளர்கூடக் கிடையாது, முடி அலங்காரம் செய்யும் தொழிலில் இருந்தவர். ஆண் கதாபாத்திரங்களும் சாகிறார்கள்தானே என்று நிறையப் பேர் சண்டைக்கு வந்தார்கள். சாகிறார்கள், ஆனால் திரும்பி வருகிறார்கள், அதுவும் பழைய பலத்தோடு. செத்த ஆணுக்கு அவன் கதை இருக்கிறது. செத்த பெண்ணுக்கு இன்னொருவன் கதையில் ஒரு காரணம் என்ற இடம் மட்டும்தான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் சிரசுத் திருவிழாதான் ஞாபகம் வரும். வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு. அந்த அம்மன் ரேணுகைதான், அவள் கதை எல்லோருக்கும் தெரியும். ஆற்று மணலில் குடம் செய்து தண்ணீர் கொண்டுவரும் கற்பு அவளுடையது, ஒரு நாள் தண்ணீரில் கந்தர்வனின் நிழலைப் பார்த்து ஒரு நொடி மனசு சலித்ததால் குடம் உடைந்துபோகிறது, புருஷன் ஜமதக்னி தலையை வெட்டச் சொல்கிறார், மகன் பரசுராமன் வெட்டுகிறான். புராணத்தில் இது பரசுராமன் எப்பேர்ப்பட்ட பிள்ளை, அப்பா பேச்சைத் தட்டாதவன் என்று காட்டுவதற்காகச் சொல்லப்படும் கதை. மகனுடைய பெருமைக்காகத் தாய் வெட்டப்படுகிறாள். கிரீன் லான்டர்ன் கதையும் இதுவும் ஒன்றேதான், நடுவில் எத்தனை ஆயிரம் வருஷம் இருந்தால் என்ன.

ஆனால் எங்கள் ஊர் ஜனங்கள் அந்த இடத்தில் கதையை முடிக்க விடவில்லை. முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு புறப்பட்டு வரும்போது தெரு நெடுக மாலைகள் போட்டு, வழியெல்லாம் சூறைத்தேங்காய் உடைத்து, சிலம்பமும் புலியாட்டமுமாக, கால் வைக்க இடம் இருக்காது, தேங்காய்த் தண்ணீரில் தெருவே வழுக்கும். கெங்கையம்மன் கோயிலில் உடம்போடு சிரசைப் பொருத்திக் கண் திறக்கும் நேரத்தில் கூட்டத்தில் எழும் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. அத்தனை பேரும் பார்க்க வந்தது அவளை. வெட்டின பிள்ளையைத் தேடி யாரும் வரவில்லை. அந்தப் பொண்ணு அப்புறம் இன்னா ஆனா என்று பெரியம்மா கேட்டாரே, அந்தக் கேள்விக்கு ஒரு ஊரே சேர்ந்து சொல்லும் பதில் இது. அதிலும், அம்மனுக்குப் பொருத்தப்படும் உடம்பு ரேணுகையுடையது கிடையாது. ஓடிவந்த ரேணுகைக்கு அடைக்கலம் கொடுத்ததற்காகச் சேர்த்து வெட்டப்பட்ட சேரிப் பெண்ணின் உடம்பு அது, உயிர்ப்பிக்கும்போது தலை மாறிப் பொருந்திவிட்டது. அவள் பெயரை யாரும் சொல்வதில்லை, தலை மாறிப்போன அந்தப் பெண்ணின் கதையை யார் எழுதப்போகிறார்கள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இதை வைத்து நம்ம பெண்பிள்ளைகளில் யாராவது காமிக்ஸ் வரைந்தால் முதல் பிரதிக்கு என்னிடம் பணம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூத்தும் அப்படித்தான். திரௌபதி அம்மன் திருவிழா என்றால் எங்கள் பக்கத்து ஊர்களில் ராத்திரி பாரதக் கூத்து விடியும்வரை நடக்கும். கொட்டாய் முன்னால் பாயைப் போட்டு, குழந்தையை மடியில் தூங்கவைத்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு பெண்கள்தான் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். சபதம் போட்டு அவிழ்த்த கூந்தலைத் திரௌபதி படுகளத்தில் முடியும்வரை எழுந்து போகமாட்டார்கள். ரத்தம், சண்டை, பழிவாங்கல், அத்தனையும் உண்டு. பெண்களுக்கு அடிதடிக் கதை பிடிக்காது என்று சொல்கிறவர்கள் ஒரே ஒரு பதினெட்டாம் போர் கூத்துக்கு வந்து பார்த்தால் போதும்.

சரி, பார்பரா கார்டன் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு ரொம்ப முக்கியமான கதாபாத்திரம். பேட்மேன் கதைகளில் வரும் போலீஸ் கமிஷனரின் மகள், 1967ல் பேட்கேர்ளாக வந்தவள். 1988ல் ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்த 'கில்லிங் ஜோக்' கதையில் கதவு தட்டுகிறது, பார்பரா திறக்கிறாள், பேட்மேனின் எதிரி ஜோக்கர் சுடுகிறான், தோட்டா முதுகெலும்பில் பாய்கிறது. அவள் துணியைக் களைந்து படம் எடுத்து, அவள் அப்பாவைப் பைத்தியமாக்குவதற்காக அந்தப் படங்களைக் காட்டுகிறான். கடைசிப் பக்கத்தில் மழையில் பேட்மேனும் ஜோக்கரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பார்பரா எங்கே? ஆஸ்பத்திரியில். அவளைப் பற்றி அந்தக் கதைக்கு மேற்கொண்டு சொல்ல ஒன்றும் இல்லை. ஓவியம் என்றால் அப்படி ஒரு ஓவியம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முடித்துவிட்டு நான் புத்தகத்தைத் தூக்கி ஒரு மூலையில் போட்டேன்.

கிம் யேல் என்ற எழுத்தாளருக்கும் அது பொறுக்கவில்லை. அவரும் கணவர் ஜான் ஆஸ்ட்ராண்டரும் அடுத்த வருஷமே, 1989ல், 'சூசைட் ஸ்குவாட்' தொடரில் பார்பராவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சக்கர நாற்காலியில், கம்ப்யூட்டர் முன்னால், ஆரக்கிள் என்ற புதுப் பெயரோடு. மந்திரத்தால் கால் வரவில்லை. நூலகத்தில் வேலை பார்த்த அறிவும், எதையும் மறக்காத மூளையுமாக, எல்லா சூப்பர் ஹீரோக்களுக்கும் தகவல் தருகிறவளாக ஆகிவிடுகிறாள், பேட்மேனே அவளிடம் கேட்டுத்தான் போக வேண்டிய நிலைமை. பிறகு 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' என்று பெண்களின் குழுவுக்கே தலைமை தாங்கினாள். 2003ல் அந்தத் தொடரை எழுத வந்தது யார் தெரியுமா, பட்டியல் போட்ட அதே கெயில் சிமோன். வாசகியாக எழுப்பிய கேள்விக்கு எழுத்தாளராக அவரே பதில் எழுதினார். பிறகு 'வொண்டர் வுமன்' எழுதவும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

ஆரக்கிளைப் படிக்கும்போது வேலூர்க்காரிக்கு இன்னொரு முகம் ஞாபகம் வராமல் போகாது. டாக்டர் மேரி வர்கீஸ். பெண்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுப்பதற்கென்றே 1918ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய நம்ம சி.எம்.சி.யில் டாக்டராக இருந்தவர். 1954ல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயல் இல்லாமல் போயிற்று, முகத்திலும் பெரிய காயம். அதோடு அவர் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். டாக்டர் பால் பிராண்ட் ஊக்கம் கொடுத்தார், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்தார் மேரி. கத்தி பிடிக்கக் கை போதும், நிற்பதற்குக் கால் வேண்டியதில்லை என்று காட்டிவிட்டார். அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1966ல் பாகாயத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கக் காரணமாக இருந்தார். 1972ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பார்பரா கார்டனைச் சுட்டது 1988ல். அதாவது அமெரிக்கக் காமிக்ஸ் யோசிப்பதற்கு இருபது முப்பது வருஷம் முன்னாலேயே வேலூரில் ஒரு பெண் அதை வாழ்ந்து காட்டிவிட்டார். பாகாயம் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இவரைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல சித்திரக்கதை வராதா என்று ஏங்குவேன்.

2011ல் பேட்மேன் கதைகளை வெளியிடும் டி.சி. நிறுவனம் எல்லாத் தொடர்களையும் முதலிலிருந்து தொடங்கியபோது பார்பராவை மறுபடி நடக்கவைத்து பேட்கேர்ள் ஆக்கிவிட்டார்கள். எழுதியது சிமோன்தான், நன்றாகவும் எழுதினார். ஆனாலும் சக்கர நாற்காலியில் இருக்கும் வாசகிகள் பலர் எங்களுக்கு இருந்த ஒரே ஆளையும் எடுத்துவிட்டீர்களே என்று வருத்தப்பட்டார்கள். நான் அவர்கள் பக்கம்.

ஓவியங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதி பேசியதாகத்தான் ஆகும். தொண்ணூறுகளின் அட்டைப்படங்களைப் பாருங்கள், பெண் சூப்பர் ஹீரோ சண்டை போடுவாள், அதே நேரம் மார்பும் பின்புறமும் இரண்டும் நம்மைப் பார்த்தபடி இருக்கும். இடுப்பு அப்படித் திரும்ப வேண்டும் என்றால் முதுகெலும்பு இரண்டாக உடைந்திருக்க வேண்டும். 2012ல் சில ஓவியர்கள் ஹாக்ஐ என்ற ஆண் சூப்பர் ஹீரோவை அதே நிலைகளில் வரைந்து காட்டினார்கள், பார்த்த உடனே விஷயம் எல்லோருக்கும் புரிந்தது. நம்ம கோயில் சிலைகளில் இல்லாததா என்று சிலர் கேட்பார்கள். மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினியைப் போய்ப் பாருங்கள். ஆடை குறைவுதான். சிங்கத்தின்மேல் உட்கார்ந்து வில்லை இழுத்துக்கொண்டு போருக்குப் பாய்கிறாள், உடம்பின் ஒவ்வொரு வளைவும் அந்த அம்புக்காக இருக்கிறது, எருமைத்தலையன் பின்வாங்குகிறான். பார்க்கிறவனுக்காக அவள் உடம்பைத் திருப்பவில்லை. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப்போனபோது நாங்கள் எல்லோரும் அந்தச் சுவர் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றோம். துணியின் அளவு எனக்குப் பிரச்சினையே இல்லை.

அமெரிக்காவிலும் ஆரம்பத்தில் பெண்கள் நிறையவே காமிக்ஸ் படித்தார்கள். நாற்பதுகளில் பேப்பர் கடை, மருந்துக் கடை என்று எல்லா இடத்திலும் கிடைத்தது. 1941 ஏப்ரலிலேயே 'மிஸ் ஃப்யூரி' என்ற பெண் சூப்பர் ஹீரோவை ஒரு பெண்ணே எழுதி வரைந்தார், டார்ப்பே மில்ஸ். ஜூன் என்ற தன் முதல் பெயரை விட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார், பெண் வரைந்தது என்று தெரியக்கூடாதாம். அதே வருஷக் கடைசியில் வொண்டர் வுமன் வந்தாள். அத்தனை சக்தி உள்ளவளை ஆண் சூப்பர் ஹீரோக்களின் சங்கத்தில் சேர்த்துக்கொண்டு செக்ரட்டரி வேலை கொடுத்தார்கள், 1968ல் சக்தியையும் பிடுங்கித் துணிக்கடை வைக்கச் சொன்னார்கள். பெண்கள் பத்திரிகை ஒன்று 1972ல் பழைய உடையோடு அவளை அட்டையில் போட்டது, அடுத்த வருஷம் சக்தி திரும்பி வந்தது. எழுபதுகளுக்குப் பிறகு காமிக்ஸ் பொதுக் கடைகளை விட்டுத் தனிக் கடைகளுக்குப் போய்விட்டது. அந்தக் கடைகள் பையன்கள் கூடும் இடமாகிவிட்டன. எங்கள் பெட்டிக்கடை வாசல் போலவே.

அங்கேயும் கதவு திறந்ததும் பெண்கள் வந்தார்கள். 2014ல் 'மிஸ் மார்வெல்' தொடர் தொடங்கியது. ஜெர்சி நகரத்தில் இருக்கும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் கமலா கான். சனா அமானத், ஜி. வில்லோ வில்சன், இரண்டு முஸ்லிம் பெண்கள் சேர்ந்து உருவாக்கியது, அட்ரியன் அல்ஃபோனா வரைந்தது. 2015ல் அந்த முதல் தொகுப்புக்கு, அறிவியல் புனைகதைகளுக்குக் கொடுக்கும் ஹ்யூகோ விருது கிடைத்தது. என்னோடு வேலை பார்க்கும் பேர்ணாம்பட்டுத் தோழி ஒருத்திக்கு இதைக் கொடுத்தேன், காமிக்ஸ் என்றால் குழந்தைகள் புத்தகம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். ராத்திரி பார்ட்டிக்குப் போகக்கூடாது என்று கமலாவின் அம்மாவும் அப்பாவும் சொல்லும் இடத்தைப் படித்துவிட்டு, "அக்கா, இது எங்க வீட்டுல வந்து கேட்டு எழுதுனாங்களா?" என்றாள். முதன்முதல் சக்தி வந்ததும் கமலா பொன்னிற முடியும் வெள்ளைத் தோலும், பழைய மிஸ் மார்வெலின் அந்தக் குட்டி உடையுமாக மாறிவிடுகிறாள். மாறிய பிறகு அது அவளுக்கு எவ்வளவு அசௌகரியமாக இருக்கிறது என்று காட்டும் கட்டங்கள் உண்டு, அந்தப் பக்கத்தில் தோழி விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கமலா தன்னிடம் இருந்த, உடம்பை முழுக்க மூடும் புர்கினி நீச்சல் உடையை எடுத்து அதிலிருந்து தனக்கான உடையைச் செய்துகொள்கிறாள். இதைவிட எளிமையாக யாரும் பதில் சொல்லமுடியாது. தோழியின் வீட்டில் அந்தப் புத்தகம் தங்கை, சித்தப்பா மகள், பக்கத்து வீடு என்று போய்விட்டது, எனக்கு இன்னும் திரும்பி வரவில்லை, வரவும் வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்று அடிக்கடி கேட்கிறீர்கள், குறிப்பாக வீட்டில் பெண்பிள்ளை இருப்பவர்கள். எட்டாவது ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்குக் கமலா கானைக் கொடுங்கள், ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கினாலும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாம். தமிழில் வேண்டும் என்றால் லயனின் மாடஸ்டி இதழ்கள் எது கிடைத்தாலும் வாங்கிவிடுங்கள், கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். பெரியவர்கள் சிமோன் எழுதிய 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' தொகுப்புகளிலிருந்து தொடங்கலாம். 'கில்லிங் ஜோக்' படிக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் ஆரக்கிள் யார் என்று தெரிந்துகொண்ட பிறகு படியுங்கள். கடையில் பையனுக்கா என்று கேட்டால் எனக்குத்தான் என்று சொல்லுங்கள், கூட ஒரு பெண்பிள்ளையை அழைத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.